கடல் தெரியும் அறைக்கு வாடகை எவ்வளவு?

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் சென்னையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். அப்பா விவசாயி. கஷ்டப்பட்டுத்தான் என்னைப் படிக்க வைக்கிறார். முதலாண்டு விடுமுறையில் விடுதி அறையில் யாரோ விட்டுப்போன ஒரு சிறுகதைத் தொகுப்பைப் பொழுதுபோகாமல் எடுத்து வாசித்தேன். அன்றிலிருந்து வகுப்பில் உட்கார்ந்தாலும் மண்டைக்குள் கதைதான் ஓடுகிறது. நானும் எழுதிப் பார்க்கிறேன்.

கதை வாசித்தும் எழுதியும் கற்றுக்கொண்ட பாடங்களை ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். சிலவற்றை உங்களுக்குச் சொல்கிறேன். எதையும் சொல்லக்கூடாது, காட்ட வேண்டும். முதல் வரியிலேயே வாசகனை உள்ளே இழுத்துவிட வேண்டும். நன்றாக வந்தாலும் வராவிட்டாலும் தினமும் எழுத வேண்டும். கதை வாசிப்பவர்களுக்கு அடுத்தவர் மனம் புரிகிறது, அவர்கள் நல்ல மனிதர்களாகிறார்கள். இதற்கு ஆராய்ச்சி ஆதாரமே இருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, பெரிய எழுத்தாளர்கள் அன்றாட வாழ்க்கையின் அற்பங்களைத் தாண்டி மனித மனத்தின் ஆழத்துக்குப் போகிறார்கள். நானும் அப்படிப் போக விரும்புகிறேன்.

இவை சரியா என்று சொல்லுங்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்தப் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டால் எனக்குள் இருக்கும் எழுத்து செத்துவிடும் என்று பயமாக இருக்கிறது. பொறியியலை இப்போதே விட்டுவிட்டுத் தமிழ் இலக்கியம் சேர்ந்துவிடலாமா? என் கதை ஒன்றை இணைத்திருக்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு மாணவன்

*

அன்புள்ள தம்பி,

கதையை வாசித்தேன். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் நோட்டு.

'சொல்லாதே, காட்டு' என்பதை இன்று எல்லாப் பட்டறையிலும் சொல்லிக் கொடுக்கிறார்கள். நம் பாட்டிமார் சொல்லத்தான் செய்தார்கள், ஒன்றையும் காட்டவில்லை. நாம் வாயைப் பிளந்து கேட்டோம். கி. ராஜநாராயணன் திண்ணையில் உட்கார்ந்து சொல்கிற மாதிரிதான் கடைசிவரை எழுதினார். சொல்லத் தெரிந்தவர் சொல்லலாம். முதல் வரியில் இழுப்பது பற்றி: வாசகர் ஒன்றும் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பவர் இல்லை, இரண்டாம் வரிவரை இருப்பார். தினமும் எழுதுவதா? எழுதுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்.

அந்த ஆராய்ச்சி 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது என்று நினைக்கிறேன், இலக்கியக் கதையைக் கொஞ்சம் வாசித்தவர்கள் பிறர் உணர்ச்சியை முகத்தில் கண்டுபிடிப்பதில் தேறினார்கள் என்று. பிறகு வேறு ஆய்வாளர்கள் அதே சோதனையைச் செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. எனக்கு ஆய்வு எதற்கு? எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். இரண்டு பீரோ நிறைய நாவல். மருமகள் ஒரு டம்ளர் பால் கூடுதலாகக் காய்ச்சினால் கணக்குக் கேட்பார். வாசிப்பு மனிதரை நல்லவராக்குகிறதோ இல்லையோ, அதைச் சொல்லிக்கொண்டு வாசிக்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. நன்றாக இருந்தது, அதனால் வாசித்தேன் என்று சொல்லுங்களேன், என்ன வெட்கம்?

ஆனால் 'அன்றாட வாழ்க்கையின் அற்பங்களைத் தாண்டி' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் சுருக்கென்றது. அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாக நானும் இதையேதான் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு சிறுகதைப் போட்டிக்கு நடுவராக இருக்கச் சொல்லிக் கட்டாகக் கதைகள் அனுப்பியிருந்தார்கள். மரணம் இருந்தது, துரோகம் இருந்தது, மழை ஏகத்துக்கு இருந்தது. யாரும் யாருக்கும் பணம் மட்டும் கொடுக்கவில்லை. அப்பா பதினைந்து நாளாக ஐ.சி.யூ.வில் கிடக்கிறார், மகன் கண்ணாடி ஜன்னல் வழியே மேகத்தைப் பார்க்கிறான். பில் வரவே இல்லை. கல்யாணம் நின்றுபோகிறது, மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நம் ஊரில் இரண்டு பேர் சந்தித்தால் மூன்றாவது வாக்கியத்தில் ஒரு தொகை வந்துவிடும். கதைக்குள் நுழைந்ததும் எல்லாரும் ஜமீன் வாரிசுகளாகிவிடுகிறார்கள்.

இப்போது உங்கள் கதை. வாசகர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். பெசன்ட் நகரில் கடல் தெரியும் மாடி அறையில் ஓர் இளைஞன் தனியாக இருக்கிறான். காதலித்த பெண் விட்டுப் போய்விட்டாள். ஒரு மழை இரவில் அவன் கடற்கரையில் நடக்கிறான், காபி குடிக்கிறான், ஊரில் இருக்கும் அப்பாவை நினைக்கிறான், விடிகிறது. வாக்கியங்கள் நன்றாக வந்திருக்கின்றன. காதில் ஓசை இருக்கிறது உங்களுக்கு. அந்தப் பெண் கடைசியாகப் பிரியும்போது, அவனிடம் வாங்கிய குடையைத் திருப்பித் தருவதா வேண்டாமா என்று ஒரு கணம் நின்று, பிறகு கொண்டுபோய்விடுகிறாளே, அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அது உங்களுக்கே தெரியாமல் கதைக்குள் புகுந்துவிட்ட கொடுக்கல் வாங்கல்.

சரி, கடல் தெரியும் அறைக்கு வாடகை எவ்வளவு? முன்பணம் யார் கொடுத்தது? 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது. பெசன்ட் நகரில் ஒரு புரோக்கரிடம் இந்தச் சட்டத்தைச் சொல்லிப் பாருங்கள், அவர் சிரிக்கிற சிரிப்பே ஒரு கதைக்கு ஆகும். பையன் என்ன வேலை பார்க்கிறான்? 'அலுவலகத்திலிருந்து திரும்பினான்' என்று ஒரே ஓர் இடத்தில் வருகிறது. என்ன அலுவலகம்? சம்பளம் வந்த வாரமா, வராத வாரமா? மாதக் கடைசியில் காதல் முறிந்தவனும் ஒன்றாம் தேதி காதல் முறிந்தவனும் ஒரே மாதிரி நடக்க மாட்டார்கள், தம்பி.

அப்புறம் அப்பா. 'ஊரில் அப்பா வயலில் உழைத்துக்கொண்டிருந்தார்.' இது மன்னார்குடிப் பக்கத்துப் பையன் எழுதுகிற வாக்கியமா? சினிமாவில் ஒரு நிமிஷக் காட்சிக்கு எழுதுகிறவர் இப்படி எழுதலாம், உங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. எத்தனை மா? (சென்னை வாசகருக்காக: மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி.) சொந்த நிலமா, குத்தகையா, கோயில் நிலமா? குறுவையும் போடுகிறவரா, சம்பா மட்டுமா? மேட்டூர் ஜூன் 12-ஆம் தேதி திறந்த வருடமா, தள்ளிப்போன வருடமா? நெல்லை எங்கே போட்டார், கொள்முதல் நிலையத்திலா, வியாபாரியிடமா?

ஏன் இப்படிக் குடைகிறேன் என்று எரிச்சலாக இருக்கும். உங்கள் கதையில் மழை பெய்கிறது, அதனால்தான். அக்டோபர் மாதம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அக்டோபரில் டெல்டாவில் குறுவை அறுவடை நடக்கும். கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு, முறை வருமென்று அதன் பக்கத்திலேயே படுத்திருப்பார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். அரசு தளர்த்தினால் உண்டு. அதற்கு டெல்லியிலிருந்து ஆள் வந்து பார்க்க வேண்டும். நீங்கள் பெசன்ட் நகரில் அவ்வளவு அழகாகப் பெய்யவிட்ட மழை அன்று ஊரிலும் பெய்திருக்குமே. மகன் மழையில் நனைந்து ஆறுதல் அடைகிறான், அப்பா அதே மழையில் குவியலின் மேல் தார்ப்பாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இதைக் கதையில் போடாமல் 'வயலில் உழைத்துக்கொண்டிருந்தார்' என்று போட்டால் நான் கத்தாமல் என்ன செய்ய?

இன்னும் ஒன்று. ராத்திரி காபிக்கு அவன் ஜிபேயில்தானே காசு போட்டிருப்பான்? உங்கள் வயதுப் பையன்கள் சிலர் அப்பாவோடு கூட்டுக் கணக்கு வைத்திருக்கிறார்கள். இங்கே கடைக்காரர் பெட்டி இவ்வளவு ரூபாய் வந்தது என்று ஊருக்கே கத்தும், அங்கே அப்பா போனில் குறுஞ்செய்தி விழும். நெல் குவியல் பக்கத்தில் தூங்காமல் படுத்திருக்கிற மனிதருக்கு, பையன் இந்த நேரத்தில் முழித்திருக்கிறான் என்று தெரிகிறது. நாற்பது ரூபாய். காலையில் அவர் கேட்பாரா, கேட்க மாட்டாரா? கேட்டால் எப்படிக் கேட்பார், 'ராத்திரி வேலை ஏதும் இருந்துச்சாடா?' என்றா? நீங்கள் ஆழம் ஆழம் என்று தேடுகிறது இதில் இல்லாமல் வேறு எங்கே இருக்கிறது?

இந்தப் பைத்தியம் எனக்கு எங்கிருந்து பிடித்தது என்றால், நான் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நகைக்கடன் மேசையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். கும்பகோணத்துக்குத் தெற்கே சின்ன ஊர். ஜூன், ஜூலையில் கல்லூரிக் கட்டணத்துக்கு வரும் நகை, ஆடியில் நாற்றங்காலுக்கு வரும் நகை, தை அறுவடை முடிந்து மீட்க வரும் முகங்கள். தாலிச் சங்கிலியை வைக்க வருகிற பெண்கள் வீட்டிலேயே தாலியைக் கழற்றி மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டுதான் வருவார்கள். எங்கள் முன்னால் கழற்ற மாட்டார்கள். மதிப்பீட்டாளர் சங்கிலியை உரைகல்லில் ஒரு இழு இழுத்து, திராவகம் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். குண்டு இருந்தால் உள்ளே இருக்கும் அரக்குக்கு எடை கழிப்பார், கல் இருந்தால் கல்லுக்குக் கழிப்பார். அவர் கழிக்கும்போது அந்தப் பெண்கள் அவர் கையைப் பார்ப்பார்கள். 'கல்யாணத்தப்ப இதையும் சேத்துத்தானேய்யா எடை போட்டுக் குடுத்தாங்க' என்று ஒரு அம்மாள் கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. கழித்த எடையை நான் பேரேட்டில் எழுதினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பெண் வருடா வருடம் வருவாள். இரண்டரைப் பவுன் சங்கிலி, ஐயாயிரம் ரூபாய் கடன். ஒரு வருடத்தில் அசலும் வட்டியும் கட்டி முடித்தாக வேண்டும், வட்டியை மட்டும் கட்டித் தள்ளிப்போட முடியாது. வட்டி எழுநூறு. 5,700 ரூபாய்க்கு அவள் எங்கே போவாள்? சங்கத்துக்கு எதிர் டீக்கடையில் ஒருவர் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருப்பார். அவர் பணத்தைக் கொடுப்பார், இவள் நகையை மீட்பாள், மீட்ட கையோடு அதே நகையைத் திரும்ப வைத்துப் புதுக்கடன் ஐயாயிரத்தை வாங்கி, மீதியைத் தன் முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துச் சேர்த்து அவரிடம் கொடுப்பாள். அந்தக் கொஞ்ச நேரக் கைமாற்றுக்கு ஆயிரத்துக்குப் பத்து ரூபாய், ஆக 57 ரூபாய். அப்போது எங்கள் பக்கம் பெண்ணுக்கு நடவுக்கூலி பதினைந்து ரூபாய். நாலு நாள் குனிந்து நட்ட காசு.

மீட்பதற்கும் மறுபடி வைப்பதற்கும் நடுவில், காகிதம் தயாராகி மதிப்பீட்டாளர் டீ குடித்து வரும்வரை, சங்கிலி அவள் கையில் இருக்கும். அவள் அதைக் கழுத்தில் போட்டுக்கொள்வாள். கண்ணாடி எதுவும் கிடையாது எங்கள் சங்கத்தில். போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, ரவிக்கைக்கு வெளியே இழுத்துவிட்டு, பக்கத்தில் இருக்கிறவளிடம் ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள். கூப்பிட்டால் கழற்றித் தருவாள். அழுகை எல்லாம் கிடையாது.

இதைக் கதையாக எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். அச்சில் வந்ததைப் பார்த்தால், ஆசிரியர் தொகைகளை எல்லாம் வெட்டிவிட்டார். '57 ரூபாய்' இருந்த இடத்தில் 'அவள் மனம் கனத்தது' என்று இருந்தது. கேட்டதற்கு, 'வாசகருக்குக் கணக்கு எதற்கும்மா, உணர்ச்சிதானே முக்கியம்' என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் மனம் கனத்ததாக நான் எங்கேயும் பார்க்கவில்லை. பார்த்தது 57 ரூபாய். அந்தத் தொகை இருந்தால் வாசிப்பவரே நாலு நாள் நடவைக் கணக்குப் போட்டிருப்பார், கனம் அவருக்குத் தெரிந்திருக்கும். கணக்கை எடுத்துவிட்டு முடிவை மட்டும் கையில் கொடுத்தால் அதை யார் நம்புவார்கள்?

தாஸ்தாயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலை நீங்கள் வாசித்திருப்பீர்கள், இல்லாவிட்டாலும் உங்கள் நோட்டில் அதன் பெயர் இருக்கும். ஆழம் என்றாலே எல்லாரும் கை காட்டுகிற புத்தகம். குற்ற உணர்வு, ஆன்மா, மீட்பு என்று பக்கம் பக்கமாகப் பேசுவார்கள். எனக்கு அதில் முதலில் பிடித்தது அடகுக்காட்சி. கதாநாயகன் ரஸ்கோல்நிகவ் அப்பாவின் கடிகாரத்தை அடகு பிடிக்கும் ஒரு கிழவியிடம் கொண்டுபோய் நாலு ரூபிள் கேட்கிறான். கிழவி ஒன்றரை என்கிறாள். மாத வட்டி ரூபிளுக்குப் பத்து கோபெக் (நூறு கோபெக் ஒரு ரூபிள்), அதையும் முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறாள். ஒன்றரை ரூபிளுக்குப் பதினைந்து. ஏற்கெனவே மோதிரத்துக்குக் கொடுத்த இரண்டு ரூபிளுக்கு இருபது. ஆக முப்பத்தைந்து போக, கையில் ஒரு ரூபிள் பதினைந்து கோபெக். நாவலை மடக்கி வைத்துவிட்டு இதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன், தொழில் புத்தி. சரியாக வந்தது. அந்தக் கணக்கு தப்பாக இருந்திருந்தால் பின்னால் அவன் அந்தக் கிழவியை வெட்டும் கோடாலியையும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

அந்த மனிதருக்கு அடகுக்கடை தெரியும். 1865-இல் வீஸ்பாடனில் சூதாடித் தோற்று, ஓட்டல் பாக்கி கட்ட வழியில்லாமல் கிடந்தபோதுதான் இந்தக் கதையின் யோசனையை ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு எழுதி 300 ரூபிள் முன்பணம் கேட்டார். உங்கள் பாஷையில் சொன்னால் அற்பத்தின் நடுவில் உட்கார்ந்து எழுதினார்.

நம் ஆளைப் பாருங்கள். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் பிள்ளை கடவுளைச் சந்திக்கும் முன் என்ன செய்துகொண்டிருக்கிறார்? பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் முனையில் நின்று, டிராமில் போனால் எவ்வளவு மிஞ்சும், அதில் வெற்றிலை போடலாமா, பஸ்ஸில் கண்டக்டரை ஏமாற்றிக் கொஞ்ச தூரம் போனால் அரை கப் காபி கிடைக்குமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். காலணாவில் தொடங்குகிற கதை அது. அப்படித் தொடங்கியதால்தான் கடவுளையே தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஜீவிய சந்தாதாராகச் சேர்க்கப் பார்க்கும் இடம் வெறும் நகைச்சுவையாக நின்றுவிடவில்லை. 'பொன்னகரம்' கதையில் அம்மாளு புருஷனின் பால் கஞ்சிக்காகத் தன்னை விற்று முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். ஒரு ரூபாய் என்று முழுசாக எழுதியிருக்கலாம், அதுவும் அவ்வளவு கௌரவமான தொகை இல்லைதான். முக்கால் என்று எழுதியவர் அந்தச் சந்தின் இருட்டில் நடந்த பேரத்தையும் எழுதிவிட்டார், ஒரு வரி கூடுதலாக எழுதாமல். பத்திரிகை ஆசிரியர் கையில் சிக்கியிருந்தால் 'சொற்பத் தொகை' ஆகியிருக்கும்.

காதல் கதைக்கு இதெல்லாம் ஒத்துவராது என்பீர்கள். ஜேன் ஆஸ்டின் எழுதியது முழுக்கக் காதலும் கல்யாணமும்தான். 1813-இல் வந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் டார்சி அறைக்குள் நுழைந்த ஐந்தே நிமிஷத்தில் அவர் வருமானம் ஆண்டுக்கு பத்தாயிரம் பவுண்டு என்ற செய்தி கூட்டம் முழுக்கப் பரவிவிடுகிறது. கதாநாயகி எலிசபெத்தின் அப்பாவுக்கு வருடத்துக்கு இரண்டாயிரம் வருகிற சொத்து. ஆண் வாரிசு இல்லாததால் அது அவருக்குப் பின் தூரத்து உறவுக்காரருக்குப் போய்விடும். இந்த இரண்டு தொகையையும் எடுத்துவிடுங்கள், எலிசபெத் டார்சியை முதல் தடவை மறுக்கிறாளே, அதற்கு மதிப்பே இல்லாமல் போகும். பத்தாயிரத்தை வேண்டாம் என்கிறாள் அந்தப் பெண்!

பணமே புழங்காத இடத்திலும் கணக்கு உண்டு. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவலில் ஊருக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியம் என்ற பெண் ஊர்ச் சோறு எடுப்பதும் களத்தில் தானியத்துக்கு நிற்பதும்தான் கூலி. யார் வீட்டில் எவ்வளவு போட்டார்கள், யார் கை சுருங்கிவிட்டது என்பதிலேயே அவளுடைய உலகம் சரிவது தெரிகிறது. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத்துக்குப் போய் அங்கே வேலை செய்கிறவர்களைப் பார்த்துப் பேசித்தான் 'கரிப்பு மணிகள்' எழுதினார். தகவல் கதையை மிஞ்சிவிடுகிற பக்கங்கள் அவரிடம் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் கேட்கப் போனார். இன்று எழுதுகிறவர்கள் கேட்கவே கூச்சப்படுகிறார்கள். 'உங்களுக்கு எவ்வளவு வருகிறது?' என்று ஒரு ஸ்விக்கி பையனைக் கேட்டிருக்கிறீர்களா? கேளுங்கள், நின்று சொல்வார். பெட்ரோல் எவ்வளவு, வண்டித் தவணை எவ்வளவு, மழை நாளில் கூடுதலாக எவ்வளவு என்று அவர் போடும் கணக்கில் ஒரு நாவலே இருக்கிறது.

வேண்டுமானால் ஒரு கதைக்கரு தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். 2021-இல் கூட்டுறவுச் சங்கங்களில் ஐந்து பவுனுக்கு உட்பட்ட நகைக்கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. யாருக்குத் தள்ளுபடி, யாருக்கு இல்லை என்று ஊர் ஊராகப் பட்டியல் பேச்சு. கணவனுக்குத் தெரியாமல் தம்பி படிப்புக்காக நகையை வைத்துவிட்டு, 'பேங்க் லாக்கர்ல இருக்கு' என்று சொல்லி வருகிற ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். பட்டியலில் பெயர் வந்துவிட்டது. கடன் போய்விட்டது, நகை வீட்டுக்கு வரப்போகிறது. அவளுக்குச் சந்தோஷமாக இருக்குமா? டீக்கடையில் கணவனிடம் யாரோ வாழ்த்துச் சொல்கிறார்கள். இதை எழுத நான் அந்த மேசையில் இல்லை, ஓய்வு பெற்றுவிட்டேன். நீங்கள் எழுதுங்கள். ஆனால் எத்தனை கிராம் என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

எல்லாக் கதையிலும் ரசீதை ஒட்டச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தொகை கதையில் வராமலே இருக்கலாம். எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். உங்கள் பையனுக்கு வாடகை 14,000 என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவன் படியேறும்போது கீழ்வீட்டு ஓனர் கதவு திறந்திருக்கிறதா என்று பார்ப்பான். நீங்கள் எழுதியிருக்கிற பையன் எங்கேயும் எதையும் பார்க்கவில்லை, கடலைத் தவிர.

உங்கள் கேள்வியை மறந்தே போனேன். படிப்பை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். 'கஷ்டப்பட்டுத்தான் படிக்க வைக்கிறார்' என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன கஷ்டம்? கல்விக்கடனா, முதல் பட்டதாரிச் சலுகை போக மீதியைக் கைக்காசில் கட்டுகிறாரா, நிலத்தில் ஏதாவது விற்றாரா? கடிதம் முழுக்க உங்களைப் பெற்ற அம்மா ஓர் இடத்தில்கூட வரவில்லை. என் அனுபவத்தில் கட்டணம் கட்டும் மாதத்தில் அம்மா வராமல் இருக்கவே மாட்டார். நேராக ஊருக்குப் போய், மூன்று வருடமாக எவ்வளவு கட்டியிருக்கிறார்கள், எதை வைத்துக் கட்டினார்கள் என்று இரண்டு பேரிடமும் உட்கார்ந்து கேளுங்கள். அப்பா மழுப்புவார், விடாதீர்கள். அது தெரிந்த பிறகு படிப்பை விடுவதா வேண்டாமா என்று என்னைக் கேட்க வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன். தமிழ் இலக்கியம் படித்தால் கதை வரும் என்று யார் சொன்னார்கள் உங்களுக்கு? சங்கப்பாட்டு வரும், நன்னூல் வரும், இரண்டும் நல்லதுதான். வேலைக்குப் போனால் எழுத்து சாகும் என்பதும் கதை. அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் வருடக்கணக்கில் வேலை பார்த்தவர், 'கரைந்த நிழல்கள்' அந்த உலகத்திலிருந்துதான் வந்தது. வேலையில் செத்துப்போகிற எழுத்து வீட்டில் சும்மா இருந்தாலும் செத்துத்தான் போகும்.

கதையைத் திருத்தி அனுப்புங்கள். குடையை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அது எவ்வளவுக்கு வாங்கிய குடை என்று சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும். பிடிஎஃப்பாக வேண்டாம், போனில் பெரிதாக்கினால் பாதி வரி வெளியே ஓடிவிடுகிறது. மின்னஞ்சலிலேயே ஒட்டி அனுப்பிவிடுங்கள், தீபாவளி கழிந்ததும் வாசிக்கிறேன்.

அன்புடன்,
அம்மா